ஒளிக்கு லாபம்

லேசர் ஒளியைப் பற்றி இரண்டு வருடங்களாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவள், லேசரை முதன்முதலாகக் கண்ணால் கண்டது ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு நடைபாதைக் கடையில்தான். சாவிக்கொத்தில் மாட்டுகிற விரல் நீளக் குழாய். பொத்தானை அமுக்கினால் சுவரில் சிவப்புப் பொட்டு ஒன்று விழும். தொண்ணூறுகளின் கடைசியில் அது புதுச் சாமான். தீபாவளிக்குத் துணி எடுக்க என்னையும் இழுத்துக்கொண்டு போனவள், துணியை மறந்துவிட்டு அதை வாங்கினாள்.

நாங்கள் படிப்பித்த தலவாக்கலையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மலையிலிருந்து இறங்கிய மூடுபனி ரயில் பாதை வரைக்கும் வந்திருந்தது. அவள் தெருவோரத்தில் நின்று பொத்தானை அமுக்கினாள். சுவரே இல்லாத வெறும் வெளியில் ஒரு சிவப்பு நூல் நீண்டது. அந்த நூலுக்குள் பனித்துகள்கள் மினுங்கிக்கொண்டு நகர்ந்தன.

"அக்கா! தெரியுதாக்கா? இவ்வளவு நாளும் பேப்பர்ல கோடு போட்டேனே, அந்தக் கோடு! அதேதான்!"

என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். வேலை முடிந்து போய்க்கொண்டிருந்த கொழுந்து பறிக்கும் பெண்கள் நின்றார்கள். ஒருத்தி, "சுடுமா புள்ள?" என்று கேட்டாள். "சுடாதுங்க, கைய வைங்க." அந்தப் பெண்ணின் உள்ளங்கையில் சிவப்புப் பொட்டு விழுந்தது. பிறகு எல்லோரும் கை வைத்தார்கள். ரொட்டிக் கடைக்காரர், பஸ் கண்டக்டர், கடைசியில் நானும். அன்றைக்கே பற்றரி தீர்ந்துபோனது. அதைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை.

அவள் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் இப்போது இருக்கிற தூரதேசத்திலிருந்து ஃபோன் எடுத்து, இதில் நான் சொல்லியிருக்கும் பௌதிகம் எங்கெங்கே பிழை என்று ஒரு மணித்தியாலம் விளக்குவாள். விளக்குவதுதான் அவளுடைய சுபாவம். அதற்கு வேறு பெயர் தெரியவில்லை. சிலருக்குக் கோபம் அடங்காது, சிலருக்கு ஆசை அடங்காது. அவளுக்கு, ஒன்று விளங்கிவிட்டால் அந்தச் சந்தோஷம் அடங்காது. கையில் அகப்பட்டதை வைத்து, அகப்பட்ட ஆளுக்கு அதைக் காட்டியே ஆகவேண்டும்.

பூண்டுலோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தவள். அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அம்மா மலையில் கொழுந்து பறிப்பவர். கண்டிப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பௌதிகம் படிப்பிக்க வந்தாள். வந்த பிறகும் அதே பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்குப் பதிந்து, சனிக்கிழமைகளில் போய் வந்துகொண்டிருந்தாள். நான் யாழ்ப்பாணம். யுத்தத்தில் ஊரோடு இடம்பெயர்ந்த பிறகு தமிழ் படிப்பிக்க இங்கே நியமனம் கிடைத்தது. ஒரு சில்லறைக் கடையின் மேல்மாடி அறையை இரண்டு பேருமாக வாடகைக்கு எடுத்திருந்தோம். என் அம்மாவும் அப்பாவும் வன்னியில் எங்கே இருக்கிறார்கள், இருக்கிறார்களா என்றுகூட எனக்குத் தெரியாத காலம் அது. சிரிப்பதே ஒரு குற்றம் போல இருந்த எனக்கு, அறைத்தோழியாக அவளைப் போல ஒருத்தி வாய்த்தாள்.

முதல் கிழமையே கேட்டேன். "நீர் என்ன ஆராய்ச்சி செய்யிறீர்?"

அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அவள் அகப்பையைக் கீழே வைத்தாள். அகப்பையை வைத்துவிட்டால் அன்றைக்குச் சோறு கருகும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

"இப்ப ஒரு குழாய்க்குள்ள வாயு இருக்குன்னு வச்சுக்கங்க. அணு எல்லாம் சும்மா நிக்கும், விடியக்காலம் லயத்துல தூங்குற சனம் மாதிரி. பலமான லேசர் ஒண்ணு வந்து விழுந்தா, ஒவ்வொரு அணுவுலேயிருந்தும் இலத்திரனப் பிச்சு வெளிய எறிஞ்சிரும். பிஞ்ச இலத்திரனும் மிஞ்சின அயனுமா கலந்து கெடக்கே, அதுதான் பிளாஸ்மா. சரியா?"

"சரி."

"ஆனா அந்த இலத்திரன் கண்ட பக்கமெல்லாம் ஓடாதுக்கா. ஒளி அலைதானே, அது எந்தப் பக்கமா ஆடுதோ அந்தப் பக்கமாத்தான் கூட ஓடும். பெரட்டுக்குச் சங்கு ஊதினா சனம் ரோட்டு வழியாத்தானே ஓடும்? தேயிலைச் செடி மேல ஏறி ஓடுமா?"

காலையில் தோட்டத்து ஆட்களை எல்லாம் ஒரே இடத்தில் கூட்டி வேலை பிரிப்பதைத்தான் பெரட்டு என்பார்கள். அந்த ஓட்டத்தை நானும் பார்த்திருக்கிறேன்.

"கொஞ்ச நேரத்துல ஒண்ணோட ஒண்ணு முட்டி, எல்லாப் பக்கமும் கலைஞ்சிரும். அப்புறம் கெழக்கும் ஒண்ணுதான், வடக்கும் ஒண்ணுதான். நான் கேக்கறது என்னான்னா, கலையறதுக்கு முன்னாடி இன்னொரு லேசர உள்ள விட்டா, அதுக்கு என்னா ஆகும்?"

"கலைய எவ்வளவு நேரம் எடுக்கும்?"

"கண்ண மூடித் தெறக்கிற நேரம்னு சொன்னா, அது ஒரு யுகம்கா."

"அந்தத் துளி நேரத்துக்கே இவ்வளவு கணக்குப் போடுறீர்?"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஆமாங்கக்கா. எங்கம்மாவும் இதத்தான் கேக்குது." அப்போதுதான் கருகல் மணம் வந்தது.

பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான். உயர்தர வகுப்பை வலைப்பந்து மைதானத்துக்கு இறக்கி, பாதிப் பேரை அயன்களாக நிறுத்தி, மீதிப் பேரை இலத்திரன்களாக ஓடவிட்டாள். மோதியதில் ஓர் இலத்திரனுக்கு முழங்கால் உரசிப்போனது. விளையாட்டு ஆசிரியர் அதிபரிடம் முறையிட்டார். அதிபர் கூப்பிட்டு விசாரித்தபோது அவருக்கும் விளக்கினாள். அதிபர் அறையை விட்டு வெளியே வந்தபோது அவர் மேசையிலிருந்த பேப்பர்வெயிட்டுகள் எல்லாம் வரிசை மாறியிருந்தன என்று பியோன் சொன்னார்.

ஒரு சனிக்கிழமை நானும் அவளோடு கண்டிக்குப் போனேன். காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்க அங்கே ஒரு அலுவலகம் இருப்பதாகச் சொன்னார்கள். கம்பளைக்கு இந்தப் பக்கம் சோதனைச் சாவடி. எல்லோரும் இறங்கவேண்டும். என் அடையாள அட்டையில் யாழ்ப்பாண முகவரி. அதை வாங்கிப் பார்த்த ஆமிக்காரன் என்னைத் தனியாக ஓரத்தில் நிற்கச் சொன்னான். பஸ்ஸில் வந்தவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள்.

அவள் மட்டும் போகாமல் என் பக்கத்தில் வந்து நின்றாள். அவன் அவளுடைய பையைத் திறந்தான். உள்ளே கத்தை கத்தையாகத் தாள்கள். அம்புக்குறிகள், கிரேக்க எழுத்துகள், இடையிடையே ஆங்கிலத்தில் லேசர், லேசர் என்று.

"மே மொனவாத?" என்றான். இதெல்லாம் என்ன என்று கேட்கிறான். குரல் மாறியிருந்தது.

அவள் சிங்களத்தில் சொன்னாள். பௌதிகம் என்றாள். ஒளி என்றாள். அவன் நம்பவில்லை. அம்பு எதற்கு, எந்தத் திசையைக் காட்டுகிறது என்று கேட்டான். திசை என்ற சொல்லைக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். எனக்கு உயிர் போனது. இந்த நேரத்திலா!

சாவடியில் தெருவை மறித்திருந்த மரத்தடியைத் தூக்கி இறக்க ஒரு நீளக் கயிறு கட்டியிருந்தார்கள். பக்கத்தில் நிமிர்ந்த பலகைகள் இடைவெளி விட்டு அடித்த வேலி. அவள் அந்தக் கயிற்றை அவிழ்த்துத் தரும்படி கேட்டாள். அவன் தர, அதை இரண்டு பலகைகளுக்கு நடுவே விட்டு, மறு நுனியை அவன் கையிலேயே கொடுத்தாள். அவன் துப்பாக்கியைத் தோளில் மாற்றிக்கொண்டு பிடித்தான். ஏன் பிடித்தான் என்று இன்றுவரைக்கும் எனக்கு விளங்கவில்லை. அவள் கேட்டால் யாரும் பிடிப்பார்கள்.

அவள் கயிற்றை மேலும் கீழுமாக ஆட்டினாள். அலை பலகைகளின் நடுவே புகுந்து அவன் கைவரை போனது. பிறகு பக்கவாட்டில் ஆட்டினாள். அலை பலகையில் பட்டுச் செத்தது.

"பார்த்தீர்களா? ஒரே கயிறு, ஒரே வேலி. ஆடுகிற திசை மாறினால் கதை மாறுகிறது. அந்த அம்பு இதைத்தான் சொல்கிறது" என்றாள் சிங்களத்தில்.

அவன் இன்னொரு முறை ஆட்டச் சொன்னான். பிறகு தானே ஆட்டிப் பார்த்தான். உள்ளேயிருந்து வந்த இன்னொரு ஆமிக்காரன், தான் உயர்தரத்தில் பௌதிகத்தில்தான் பெயிலானதாகச் சொன்னான். அவள் உடனே அதில் எந்தப் பகுதியில் சிக்கல் என்று கேட்டாள். பஸ் டிரைவர் ஹோர்ன் அடித்தார். சிரித்துக்கொண்டே முதல் ஆள் தாள்களைத் திருப்பித் தந்தான். என் அடையாள அட்டையையும் தந்தான்.

பஸ் ஓடத் தொடங்கிய பிறகு அவளிடம் கேட்டேன்.

"எனக்காகவோ இதெல்லாம் செய்தனீர்?"

"தெரியலக்கா. பயமா இருந்துச்சு. பயமா இருந்தா எனக்கு ஃபிசிக்ஸ்தான் வாயில வருது."

நான் சிரித்தேன். இந்த ஊருக்கு வந்த பிறகு வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்து முடியும்போது அழுதேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, என் கையை விடாமல் இருந்தாள். அந்த வருடக் கடைசியில் அம்மாவும் அப்பாவும் வவுனியாவுக்கு வந்து சேர்ந்துவிட்டதாகத் தகவல் கிடைத்தபோது, அவள்தான் பாயாசம் காய்ச்சினாள். கருகவில்லை. பக்கத்திலேயே நின்று கிண்டினாள்.

அவளுடைய அம்மா மாதத்தில் ஒரு ஞாயிறு எங்கள் அறைக்கு வருவார். நெற்றியில் கூடைக் கயிறு பதிந்த தழும்பு, வாயில் வெற்றிலை. மகள் லேசர் படிக்கிறாள் என்பதை அவர் லயம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். லேசர் என்றால் அங்கே கண் ஆபரேஷன்தான். ஒருமுறை தன்னோடு ஒரு முதியவரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"இவருக்குக் கண்ணுல பூ விழுந்துருக்கு. ஒன் மெசினால சுட்டு விடு."

"அம்மா, நான் கணக்குதாம்மா போடுறேன். மெசின் இல்ல!"

"கணக்குப் போட்டே சுட முடியாதா?"

அவள் அடுத்த நாள் லீவு போட்டு, அந்த முதியவரை நுவரெலியாவுக்குக் கண் டொக்டரிடம் கூட்டிப்போனாள். போகிற வழியெல்லாம் விழி வில்லையைப் பற்றி விளக்கியதாகவும், தான் தூங்கிப்போனதாகவும் பிறகு அவர் சொன்னார். ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. லயத்தில் அவள் புகழ் இன்னும் கூடிப்போனது. மறுப்பதை அவள் நிறுத்திவிட்டாள்.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் சய வந்தது.

கணக்கில் கழித்தலைக் குறிக்கிற அந்தச் சின்னக் கோட்டை எங்கள் பள்ளிக்கூடங்களில் சய என்போம். பிளாஸ்மாவுக்குள் போகிற ஒளியைப் பிளாஸ்மா கொஞ்சம் குடித்துவிடும். எவ்வளவு குடிக்கும் என்பதுதான் அவளுடைய கணக்கு. இரண்டாவது லேசர் இலத்திரன்களின் ஓட்டத்துக்குக் குறுக்கே ஆடினால் விடை ஒழுங்காக வந்தது. ஓட்டத்தின் பக்கமாகவே ஆடினால், விடைக்கு முன்னால் சய.

"அப்படியெண்டால்?"

"பிளாஸ்மா குடிக்கலன்னு அர்த்தம். குடுக்குதுன்னு அர்த்தம். உள்ள போனத விடக் கூடுதலா ஒளி வெளிய வருது. அப்படி எப்படிக்கா வரும்?"

அவளுக்குப் பொறுப்பாக இருந்த பேராசிரியை கண்டிச் சிங்களப் பெண்மணி. அதிகம் பேசமாட்டார் என்பாள். தாள்களைப் பார்த்துவிட்டு, "எங்கேயோ பிழை இருக்கிறது, தேடு" என்று மட்டும் சொன்னாராம். அவள் தேடினாள். முதல் வரியிலிருந்து திரும்பப் போட்டாள். பிழை அகப்படவில்லை. சய போகவில்லை. மழைக்காலம் முடிந்து பனி தொடங்கியது. அவள் யாருக்கும் எதையும் விளக்குவதை நிறுத்தினாள். வகுப்பில் புத்தகத்தைப் பார்த்துப் படிப்பித்தாள். சோறு பக்குவமாக வெந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பதிவுக் காலம் முடிய வந்துகொண்டிருந்தது. அந்த ஒரு திசையை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எழுதிக் கொடு, பட்டம் கிடைக்கும் என்று பேராசிரியை வழி சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். வீட்டிலும் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள், முடித்துவிட்டு வா என்றார்கள்.

"விட்டுரலாம்னுதான் நெனைக்கிறேன்" என்றாள் ஒருநாள். "ஆனா அந்தப் பக்கம் இருக்கேக்கா. நான் எழுதலன்னாலும் இருக்குமே."

அந்த ஞாயிறு அவளுடைய தோட்டத்துக்குப் போனோம். பஸ் இறக்கிவிடும் ரோட்டிலிருந்து லயத்துக்குத் தேயிலை நடுவே ஒரு குறுக்குப்பாதை செங்குத்தாக இறங்கும். பாதை முழுக்கக் கல். தூறலில் வழுக்கியது. அவள் பிறந்ததிலிருந்து இறங்குகிற பாதை, ஓடியே இறங்கினாள். நான் ஒவ்வொரு அடியாகப் பார்த்து வைத்து, வைத்த ஒவ்வொரு கல்லிலும் இடறினேன்.

கீழேயிருந்து கத்தினாள். "மெதுவா வந்தாத்தான்கா முட்டும்! ஓடி வாங்க!"

ஓடப் பார்த்தேன். இரண்டு எட்டு வைப்பதற்குள் சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். அவள் வந்து தூக்குவாள் என்று பார்த்தால், வாய் திறந்தபடி நின்ற இடத்திலேயே நிற்கிறாள். சேலையெல்லாம் சேறு. கூப்பிட்டேன். கேட்கவில்லை.

"மெதுவா வந்தாத்தான் முட்டும்" என்றாள், எனக்கல்ல. "மெதுவா வந்தாத்தான் முட்டும்!"

"முதல்ல என்னைத் தூக்கும்!"

ஓடி வந்தாள். ஆனால் தூக்கவில்லை. என் பக்கத்தில் சேற்றிலேயே குந்திவிட்டாள். "இங்க பாருங்கக்கா. எல்லா இலத்திரனும் ஒரே கோட்டுல ஓடுது. ஒளி அதே கோட்டுல ஆடுது. அப்ப சிலதத் தள்ளி வேகமாக்கும், சிலதப் புடிச்சு மெதுவாக்கும். வேகமானது அயன்கிட்ட முட்டாம தாண்டிரும், என்னைய மாதிரி. மெதுவானதுதான் கூட முட்டும்."

"என்னை மாதிரி."

"உங்கள மாதிரி! ரெண்டும் சமமா முட்டுனாத்தான் நாம நெனைச்ச விடை வரும். சமமில்லையே! கூட்டிக் கழிச்சா, இலத்திரனோட ஓட்டத்துலேயிருந்து கொஞ்சம் ஒளிகிட்ட போயிருது. ஒளிக்கு லாபம்கா! கலையற வரைக்கும்தான். ஆனா அது வரைக்கும் லாபம்!"

தூறல் மழையாகியது. அன்றைக்கு அவள் வீட்டில் எனக்கு மாற்றுச்சேலை தந்து, மிளகு போட்டுத் தேத்தண்ணி தந்தார்கள். அவள் நனைந்த உடுப்போடேயே எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தாள். அப்பாவை அயனாக நாற்காலியில் உட்கார வைத்து, சுற்றி ஓடினாள். அப்பா பொறுமையாக உட்கார்ந்திருந்தார்.

பிறகு வேறொரு வழியில், பழைய தாள்களைத் தொடாமல், புதிதாகக் கணக்கைப் போட்டாள். மறுபடியும் சய. இந்தமுறை அதைப் பார்த்துச் சிரித்தாள். சோறு கருகியது. அதைச் சந்தோஷமாகச் சாப்பிட்டோம்.

பேராசிரியை இரண்டு கணக்கையும் எடுத்துவைத்து நெடுநேரம் வாசித்தாராம். கடைசியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பிழையைத் தேடு என்று சொன்னேன். நல்லகாலம், நீ தேடினாய். அதைவிட நல்லகாலம், அது கிடைக்கவில்லை" என்றாராம். இதைச் சொல்லும்போது அவள் பேராசிரியையைப் போலவே கண்ணாடி கழற்றிக் காட்டினாள். அவளிடம் கண்ணாடியே கிடையாது.

ஆய்வை ஒப்படைக்குமுன் துறையில் ஒரு கருத்தரங்கில் பேசவேண்டும். யாரும் வந்து கேட்கலாம் என்று அவள் வீட்டில் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அன்று காலையில் பல்கலைக்கழக வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. அம்மா, அப்பா, கண் தெளிந்த முதியவர், லயத்தில் பாதி. அப்பா கோட்டுப் போட்டிருந்தார். அவள் முகம் வெளுத்தது. பேராசிரியை வந்து எட்டிப் பார்த்தார். பிறகு முன்வரிசைக் கதிரைகளில் இருந்த மாணவர்களை எழுப்பிப் பின்னுக்கு அனுப்பிவிட்டு, வேனில் வந்தவர்களை அங்கே உட்கார வைத்தார்.

அவள் ஆங்கிலத்தில் பேசினாள். முதல் சில நிமிடம் தாளைப் பார்த்து, தடுமாறி. பிறகு பலகைக்குத் திரும்பி அம்புக்குறி ஒன்று போட்டாள். அதோடு தாள் போனது. கை விரிந்தது. சோக்குத்தூள் முடியெல்லாம் பறந்தது. சய வந்த இடத்தில் நிறுத்தி, எல்லோரையும் ஒருமுறை பார்த்தாள். பின்வரிசையில் யாரோ, "இருக்காதே" என்றார்கள். அந்தச் சொல்லுக்காகவே காத்திருந்தவள் போலச் சிரித்துக்கொண்டு பதில் சொன்னாள். கேள்விமேல் கேள்வி வந்தது. எல்லாவற்றுக்கும் அவளிடம் கயிறோ வேலியோ இருந்தது. கடைசியில் எல்லோரும் கை தட்டினார்கள். முன்வரிசை, பின்வரிசை தட்டுவதைப் பார்த்துவிட்டுத் தட்டியது.

"வேறு கேள்வி இருக்கிறதா?" என்று பேராசிரியை கேட்டார்.

அம்மா கையைத் தூக்கினார். மண்டபம் திரும்பிப் பார்த்தது. அவள் சோக்கைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

"நீ பேசுனது ஒண்ணும் வெளங்கல" என்றார் அம்மா, சத்தமாக. "நல்லாத்தான் பேசுன. ஆனா, அந்த வெளிச்சத்த உள்ள விட்டியே, அது கடைசில என்னா ஆச்சு? அத மட்டும் சொல்லு."

விளக்குவதற்கு அவள் கை எழும்பவில்லை. தனக்கு விளங்கிய ஒன்றை விளக்காமல் அவள் நின்று நான் கண்டதேயில்லை.

"வெளிய வந்துருச்சும்மா" என்றாள். "போனத விடக் கொஞ்சம் கூடுதலாவே வந்துச்சு."

"அப்ப சரி" என்றார் அம்மா. மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து, முதல் ரொட்டியை எடுத்துப் பேராசிரியையிடம் நீட்டினார்.